நாகம்மா தொட்டியில் ஓடிய நிறம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு மூக்கு எதற்கு என்றே தெரியவில்லை. மீனைக்கூட மோந்து பார்க்காமல், போனைக் காட்டிப் பார்த்துதான் வாங்குகிறார்கள்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடி வாசலில் நான் இளநீர் வெட்டுகிறேன். எனக்கு அடுத்தாற்போல் நாகம்மா மீன் விற்கிறாள். உயிர் மீன். பிளாஸ்டிக் தொட்டியில் கெண்டை நீந்தும். அன்று காலை ஒரு மீனை அறுத்தவள், கொழுப்புக் கையை அந்தத் தண்ணீரிலேயே அலசினாள். வெயில் ஏறியதும் தண்ணீர் மேல் பச்சை, ஊதா, ரோஸ் என்று நிறம் ஓடியது.

மாடியில் குடியிருக்கும் வர்ஷாதான் முதலில் பார்த்தது. "ஐயையோ, கெமிக்கல்!" என்று போனில் படம் பிடித்தாள். கூட்டம் கூடிவிட்டது. அசோசியேஷன் செயலாளர் பாஸ்கரன் வந்தார்.

"இனிமே இந்த வாசல்ல நீ உட்காரக் கூடாது."

"மீன் கொழுப்பு சாமி! இந்த எடத்த வுட்டா எனுக்கு வேற போக்கு கெடையாது," என்று நாகம்மா கும்பிட்டாள்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் கௌதம் குறுக்கே வந்தான். "அவங்க சொல்றது நிஜம் சார். ஒரு சொட்டு கொழுப்பு ரொம்ப மெல்லிசாப் பரவியிருக்கு. வெயில் அதோட மேல்பக்கம் பட்டும் திரும்புது, அடிப்பக்கம் பட்டும் திரும்புது. அது ரெண்டும் கலக்குது. அப்போ சில நிறம் அடங்கிடும், சில நிறம் எடுப்பாத் தெரியும்."

பாஸ்கரன் தலையைச் சொறிந்தார். விட்டுவிடுவார் போலத்தான் இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ கலந்துகீதுன்னு ஒத்துக்கிறியா நைனா?"

"தாத்தா, வெளிச்சம்தான் கலக்குது..."

"வெயிலு வெள்ளையா கீது. கொழுப்பும் வெள்ளையா கீது. ஊதா எவன் ஊட்லேர்ந்து வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். "கலந்திருக்குன்னு கௌதமே சொல்லிட்டாரே," என்றாள் வர்ஷா. சிரிப்போடு சிரிப்பாகப் பாஸ்கரன் தொட்டியைக் காலால் எட்டித் தள்ளினார்.

கெண்டைகள் தார் ரோட்டில் துடித்தன. நாகம்மா அவற்றை முந்தானையில் பொறுக்கியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ நல்லா இருப்பியா அண்ணாத்தே? நான் கைய அலசினத நீயுந்தான பாத்துகினு இருந்த?"

கௌதம் ஒரு மீனையும் தொடவில்லை. சாக்கடையோரம் குந்தி, ஓடுகிற தண்ணீரை எனக்குக் காட்டினான். "இங்க பாருங்க தாத்தா! பரவப் பரவ மெல்லிசாகுது, நிறமும் மாறுது. தெரியுதா?"

தெரிந்தது. அவன் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடியதும் தெரிந்தது.

"சாயம் தண்ணில போனா மாறத்தான் மாறும்," என்றேன். அரிவாளைத் துடைத்து வண்டியில் போட்டு, தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன்.