மூக்கன் வீட்டு ஒப்பாரி

நல்லசாமியைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் பெற்ற தாய்க்கு இவ்வளவு பெரிய தீங்கு செய்யத் தெரிந்திருக்காது. பாசம் வைத்தவன் என்பதால்தான் அத்தனை பாடுபட்டு, ஆள் பார்த்து, அலைந்து திரிந்து, அதைச் செய்து முடித்தான்.

சேரம்பாடி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இசக்கியம்மாவைத் தெரியாதவர் இல்லை. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கூட்டத்தோடு வந்தவள். பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் தப்படிக்கிறவனுக்கும் அடுத்து அவளுக்கும் ஆள் போகும். அவள் வந்து உட்கார்ந்து, பிணத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த ஆளுக்கென்று புதிதாகக் கட்டிப் பாடுவாள். ஒரு வீட்டுக்குப் பாடியதை இன்னொரு வீட்டில் பாடமாட்டாள். செத்தவன் குடித்தது, அடித்தது, ஆசைப்பட்டது, அந்த வீட்டார் வெளியில் சொல்ல முடியாமல் வைத்திருந்தது எல்லாம் அந்தப் பாட்டில் வரும். ஆனால் கருமாதி கழிந்த பிறகு அதைப் பற்றி லயத்தில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. சண்டையில்கூட அதைச் சொல்லித் திட்டமாட்டார்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு.

மகன் நல்லசாமி தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். அம்மா கட்டும் பாட்டெல்லாம் கருமாதியோடு காற்றில் போகிறதே என்று அவனுக்குத் தாளவில்லை. கோயம்புத்தூரில் மலைப் பாட்டுகளைச் சேகரித்துக் கேசட் போடும் மன்றம் ஒன்று இருப்பதைப் பேப்பரில் பார்த்துக் கடிதம் போட்டான். அதன் செயலாளர் நஞ்சப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தோளில் பாட்டுப் பிடிக்கிற மெஷின். ஒற்றை அறைக் காம்பராவுக்குள் பாயில் உட்கார்ந்து, “ஒண்ணே ஒண்ணு பாடுங்கம்மா” என்று கும்பிட்டார்.

“எழவு இல்லாத வீட்ல ஒப்பாரி பாடக் கூடாது தம்பி” என்றாள் இசக்கியம்மா. “உங்க வீட்ல யாராச்சும் செத்தா சொல்லி அனுப்புங்க. வந்து நல்லாப் பாடுறேன்.”

நஞ்சப்பனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. போகும்போது நல்லசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார். “நீங்களே பாத்து ஏதாச்சும் பண்ணுங்க. அம்மா பேரு அழியாம நிக்கோணுமில்லீங்களா?”

அம்மா பேரு அழியாம நிக்கோணும். அந்த ஒரு வார்த்தைக்கு நல்லசாமி விழுந்தான்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துக் காம்பரா மூக்கன் இறந்தான். இசக்கியம்மாவுக்குத் தம்பி முறை, நல்லசாமிக்கு மாமன். மூக்கன் பெண்டாட்டி பாலாமணிதான் எல்லாச் சாவிலும் இசக்கியம்மாவுக்கு அடுத்த குரல். அன்று அவள் தனக்காக அழ வேண்டியவள் ஆனாள். நல்லசாமி டேப் ரெக்கார்டரை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, ஊதுபத்திக் கட்டுகளை மேலே போட்டு, பிணம் கிடந்த பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

இசக்கியம்மா அன்று பாடியதுபோல் அதற்கு முன் ஒருநாளும் பாடியதில்லை.

“அட்டன் மலையிலே ஆறு வயசுப் புள்ள
ரயிலு ஏறயிலே ரெண்டு கை நீட்டின புள்ள
பாஸ்போட்டுப் படத்துல பதியாம போன புள்ள
அப்பன் போன சேதிய ஆரு போயிச் சொல்லுவா?”

பாலாமணி மார்பில் அறைந்துகொண்டு அலறினாள். கப்பலேறும்போது காகிதத்தில் பேர் இல்லை என்று இலங்கையிலேயே இன்னொரு நாத்தனாரிடம் விட்டுவந்த மூத்த மகள் அது. இங்கே வந்து பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அக்கா இருப்பதே தெரியாது. அன்றைக்கு அவர்கள் விறகுக்கும் மூங்கிலுக்கும் போயிருந்தார்கள். லயத்துக் கிழடுகளுக்குத் தெரியும், தெரிந்ததை விழுங்கிக்கொண்டார்கள்.

பாதியில் கேசட் ஒரு பக்கம் முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியது. நல்லசாமி என்ன செய்தான் தெரியுமா? “மாமா!” என்று கத்திக்கொண்டு பெஞ்சின்மேல் விழுந்தான். ஒரு கையால் மாமன் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடியில் துழாவிக் கேசட்டைத் திருப்பிப் போட்டான். மாமன்மேல் இந்தப் பையனுக்கு எவ்வளவு பாசம் என்று பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஊட்டியில் நஞ்சப்பன் மன்றத்தின் கேசட் வெளியீட்டு விழா. அரசாங்கம் மரியாதை செய்கிறது என்று சொல்லித்தான் அம்மாவை அழைத்துப் போனான். மேடையில் பட்டுச் சால்வை போர்த்தினார்கள். கேசட் அட்டையில் அவள் படம், கீழே பெரிய எழுத்தில் ‘ஒப்பாரி அரசி இசக்கியம்மாள்’. நல்லசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். முதல் அடியிலேயே இசக்கியம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். பாலாமணியின் அலறல் வந்தபோது சபை கைதட்டியது.

திரும்பும் வழியில் நடுவட்டம் டீக்கடையில் பஸ் நின்றபோது அவள் கேட்டாள்:

“இனிமே யாருடா என்னை எழவுக்குக் கூப்பிடுவா?”

“அம்மா, உன் பேரு நிக்கும்மா. நூறு வருசம் நிக்கும்.”

“நின்னு?”

அவன் இறங்கிப் போய் பன் வாங்கிக் கொடுத்தான். அவள் தொடவில்லை.

கூடலூர் போகும் பிரைவேட் பஸ்காரன் ஒருவன் அந்தக் கேசட்டை வாங்கிப் போட்டுவிட்டான். சந்தைக்குப் போன பாலாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து தன் புருஷன் சாவைத் தானே கேட்டாள். தன் அலறலையும் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர், “மெட்டு நல்லாருக்குல்ல?” என்று அவளிடமே சொன்னார். மடியில் கூடையோடு பின் சீட்டில் இருந்த அவள் மகன் எழுந்து வந்து, “யாரும்மா அந்தப் புள்ள?” என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் அவள் இசக்கியம்மா வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“உங்ககிட்ட அழுதேன் மதினி. ஊர்கிட்ட அழல.”

இசக்கியம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாமல் என் மகன் செய்தது என்று. சொல்லவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பாலாமணி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு லயத்தில் சாவு விழுந்தால் அவளுக்கு ஆள் வரவில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். கூப்பிட யாரும் வரமாட்டார்கள். கொஞ்சம் நின்றுவிட்டு முடிந்துகொண்டு உள்ளே போவாள். வாயில் வந்த அடிகள் வாயிலேயே கிடந்தன. அந்த மனுஷியைக் கொன்றது நெஞ்சு சளி என்று தோட்டத்து டாக்டர் எழுதினார். எழுதட்டும்.

அம்மா கண்ணை மூடியதும் நல்லசாமி செய்த முதல் காரியம், ஆபீசுக்கு ஓடி நஞ்சப்பனுக்குப் போன் போட்டதுதான். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு மாலையாவது கொண்டுவந்து போட வேண்டாமா, நாலு பேர் பார்க்க வேண்டாமா?

பிணத்தை வாசலில் போட்டார்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வராமல் இருக்கவில்லை. சுற்றி உட்கார்ந்தார்கள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. தப்படிக்கிறவன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொடுக்கக் குரல் இல்லாமல் குச்சியைத் தாழ்த்தினான். ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு அழ ஆளில்லை.

நல்லசாமி பாலாமணியின் காலடியில் போய் உட்கார்ந்தான்.

“ஒரு வார்த்தை அழுங்க அத்தே.”

“டேப்புப் பொட்டிய எங்க வச்சிருக்க?”

“சத்தியமா இல்ல அத்தே.”

“உங்கம்மாளும் அன்னிக்குப் பொட்டி இல்லாத மாதிரிதான உக்காந்து பாடினா.”

“அம்மாவுக்குத் தெரியாது அத்தே!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “நான்தான் பெஞ்சுக்கு அடியில வச்சேன். மாமா மேல விழுந்தது கேசட்டத் திருப்பத்தான். அம்மாவுக்கு ஊட்டியிலதான் தெரியும்.”

பாலாமணி அவனை அடிக்கவில்லை. மெல்ல எழுந்து பிணத்தருகே போனாள். இசக்கியம்மாவின் கன்னத்தைத் தடவினாள்.

“சொல்லலியே மதினி. வாசல்ல நின்னேனே, சொல்லலியே நீ.”

தன் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். மற்றப் பெண்கள் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டார்கள். தப்படிக்கிறவன் குச்சியை எடுத்தான். பாலாமணி மூச்சை இழுத்தாள்.

ஜீப் வந்து நின்றது. நஞ்சப்பன் ஒரு கையில் மாலையும் மறு கையில் மயிர் போர்த்த பெரிய மைக்கும் வைத்துக்கொண்டு வேகமாக இறங்கினார். பின்னால் வந்தவன் தோளில் கேமரா.

“ஏனுங்க நல்லசாமி, இன்னும் ஆரம்பிக்கலீங்களே? நல்லவேளைங்க, எங்க தப்பிப் போயிருமோன்னு பயந்துட்டே வந்தோம்!”

பாலாமணி இழுத்த மூச்சை அப்படியே விட்டாள். நல்லசாமியை ஒரு பார்வை பார்த்தாள். கூந்தலை முடிந்துகொண்டு எழுந்து போனாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் போனார்கள்.

“அவிங்க ஏனுங்க போறாங்க?” என்றார் நஞ்சப்பன்.

நல்லசாமி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். தானாவது பாடுவோம் என்று வாயைத் திறந்தான். “என்னப் பெத்த அம்மா” என்று தொடங்கினான். அடுத்த அடி வரவில்லை. எத்தனையோ முறை கேசட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டவன். வாயில் வந்ததெல்லாம் மூக்கனுக்கு அவள் பாடியது. அம்மாவுக்கு என்ன ஆசை இருந்தது, எதை வெளியில் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று அவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. நஞ்சப்பன் மைக்கை அவன் வாயருகே கொண்டுவந்து நீட்டினார்.