சிவப்பு நூல் கட்டிய குப்பி

நம்பிராஜனைத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் நின்று பிடித்துக்கொள்ளக் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவனும் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிறவன்தான். நம்பிராஜனுக்கு இருபது வருஷக் கூட்டாளி. "சாயாம இரும்யா" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்பது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலகரத்தில் ஆனி மாதத்துச் சாவு என்றால் இப்படித்தான். அழுகிறவர்கள் முகமும் அழாதவர்கள் முகமும் ஒன்றுபோல நனைந்திருக்கும். பேராச்சி வாசல்படியில் உட்கார்ந்து புருஷனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உடம்பில் கத்தி படக்கூடாது. அதற்காகத்தான் காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நெஞ்சு வலி" என்றாள், வந்தவர்களிடமெல்லாம். சொல்லிக்கொடுத்தவன் அவளுடைய அண்ணன் இசக்கியப்பன். முந்தின நாள் சாயங்காலம் நம்பிராஜன் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, "வெளக்க ஏத்தேன்ட்டி" என்றான். விளக்கு அவன் முகத்துக்கு முன்னால்தான் எரிந்துகொண்டிருந்தது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. விஷயம் கேட்டு ஓடிவந்த இசக்கியப்பன், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சாராயம்னு வாயத் தொறந்தேன்னு வையி, தென்காசி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்துப் போட்டுருவான். நெஞ்சு வலின்னே சொல்லு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவோம்" என்றான்.

அண்ணன் மலையடியில் என்ன காய்ச்சுகிறான் என்று பேராச்சிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்வதற்கு முன்னால், போலீஸ் துரத்தினால் திருவிதாங்கூருக்குள் ஓடி நின்றுகொண்டு கையாட்டிச் சிரிக்கிறவன். அவன் கொடுத்துவிட்ட அரிசியில் இவள் வீட்டு உலை எத்தனையோ நாள் கொதித்திருக்கிறது. சீசன் முடிந்துவிட்டால் எண்ணெய் தேய்க்கிறவன் வீட்டில் வேறு எது கொதிக்கும்? ஒன்றே ஒன்றுதான் அண்ணனிடம் கேட்டிருந்தாள். "எம் பிள்ள கிட்ட மட்டும் அது அண்டப்படாதுண்ணே." அவனும் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

தெருமுனையில் ஏட்டையா சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றிருந்தார். காலையிலேயே வந்து கேட்டுவிட்டுப் போனவர். "ஆசுபத்திரில ரெண்டு பேரு கண்ணு தெரியாமக் கெடக்கான்மா. எங்கன வாங்குனான்னு தெரிஞ்சா மிச்சத்தப் புடிச்சிரலாம். இன்னும் எத்தன பேரு குடிக்கப் போறானோ" என்றார். பேராச்சி தரையைப் பார்த்துக்கொண்டு, "நெஞ்சு வலிதான்யா" என்று அவரிடமும் சொன்னாள்.

மகள் மாடத்திக்குப் பத்து வயது. காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவுகிறாள், வந்து உட்காருகிறாள், மறுபடி எழுந்து போய்க் கழுவுகிறாள். உட்காரும்போதெல்லாம் அப்பாவின் எண்ணெய்க் கூடையை ஒட்டியே உட்கார்ந்தாள். யாராவது நகர்த்தி வைக்க வந்தால் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்பன்மேல் உயிரல்லவா என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

குளிப்பாட்டும் தண்ணீருக்காக நீர்மாலை எடுக்கப் போனவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். பக்கத்து வீட்டு வள்ளித்தாய் சீயக்காய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பெஞ்சோரம் வைத்தாள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தவர் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைக்க வேண்டும். குளிப்பாட்டி முடிந்தால் தாலியறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. இசக்கியப்பன் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு நடையில் தயாராக நின்றான்.

"எண்ணெய் எங்கட்டி?" என்று வள்ளித்தாய் கூடையிடம் வந்தாள்.

"அது வேண்டாம் பெரிம்மா!"

"ஊருக்கெல்லாம் தேச்ச மனுசன். அவரு எண்ணெயவே அவருக்கு வைப்பம்லா. விடு தாயி." பிள்ளையின் கையை விலக்கிவிட்டு எடுத்தாள். கூடையில் இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று காலி. கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய மற்றதில் பாதிக்குமேல் இருந்தது. தக்கையைப் பிடுங்கிப் பேராச்சியின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

எண்ணெய் கையில் நிற்கும். இது நிற்கவில்லை. விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது. குளுகுளுவென்று இருந்தது. நேற்று அவன் மூச்சில் வந்த அதே நாற்றம்.

வள்ளித்தாய் குப்பியை மோந்து பார்த்தாள். மாடத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தாம்மா கொண்டுபோயிக் குடுத்தேன்" என்றாள் மாடத்தி.

"எங்கேருந்து?" என்றாள் பேராச்சி.

"மாமா வீட்டுலேருந்து. பள்ளிக்கொடம் விட்டதும் செவப்பு நூல் கட்டுன குப்பிய எடுத்துட்டு அருவிக்கு, அப்பாட்டப் போவேன். பொட்டப்பிள்ள கூடைய போலீசு பாக்காதுன்னு மாமா சொன்னாவ. ரிப்பன் வாங்கித் தந்தாவ."

"எத்தன நாளா?"

"சீசன் தொடங்குனதுலேருந்து." அதற்குமேல் அவளுக்கு வாய் கோணியது. "நேத்து வேற மாதிரி நாத்தம் அடிச்சிச்சும்மா. நான் அப்பாட்ட சொல்லல. நான் சொல்லிருந்தா குடிச்சிருக்க மாட்டாவல்லாம்மா?"

இசக்கியப்பன் தாம்பாளத்தோடு இரண்டெட்டு முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கூறுகெட்டுப் போயி எதுவும் பண்ணிராத. கொண்டுவந்தது ஒம் மவ. கேசுன்னு வந்தா அவளயும்லா கூட்டிட்டுப் போவான்? பிள்ளயள அடைச்சுப் போடுத எடம் தனியா இருக்கு, தெரியும்லா? பேசாமக் கோடிய வாங்கு. ஒங்க ரெண்டு பேரு வயித்துக்கும் நான் இருக்கேன்."

அவன் சொன்னது எல்லாமே நடக்கக்கூடியதுதான். அவனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது. பேராச்சிக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் தாங்கவில்லை. தினமும் பொழுது சாய்ந்து வந்த பிள்ளையை ஒரு நாளாவது கிட்டே இழுத்து மோந்து பார்த்தோமா என்று நினைத்தாள். அரிசி வந்தது, வாங்கிப் பானையில் போட்டாள்.

எழுந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்கக்கா" என்றாள் வள்ளித்தாயிடம். குத்தாலிங்கத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அவுகளப் படுக்க வைங்க. ஏட்டையாவக் கூப்புடுங்க."

"அறுப்பாண்டி!" இசக்கியப்பன் இப்போது குரலைத் தாழ்த்தவில்லை. "ஒம் புருசன ஆட்ட அறுக்க மாதிரி அறுப்பான்!"

"அறுக்கட்டும்."

குத்தாலிங்கம் தயங்கினான். "யோசிச்சுத்தான் சொல்லுதியாம்மா?"

"ஒன்னாலதான் ஒங்கப்பன் செத்தான்னு எம் பிள்ள ஆயுசுக்கும் நெனச்சிட்டுக் கெடக்கணுமா அண்ணாச்சி?" அதைச் சொல்லும்போதுதான் அவள் முதல்முதலாக வாய்விட்டு அழுதாள்.

இசக்கியப்பன் தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தான். நடையில் அருவிக்கரை எண்ணெய்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "வழி விடுங்கலே" என்றான். ஒருவனும் நகரவில்லை.

ஏட்டையா வந்து குப்பியை வாங்கி மோந்து பார்த்தார். "யாரும்மா கொண்டுவந்தது?"

"எங்கண்ணன் இந்தா நிக்கான், இவன் சரக்கு. எண்ணெய்னு சொல்லிக் குடுத்துவிட்டுருக்கான். எம் பிள்ள எண்ணெய்னுதான் தூக்கிட்டு வந்துச்சு." பொய்தான். காலையிலிருந்து சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் அவள் தலையைக் குனியவில்லை.

ஏட்டையா மாடத்தியைப் பார்த்தார். அவள் ஜடையில் தொங்கிய ரிப்பனைப் பார்த்தார். எழுத எடுத்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நடலே, சவத்து மூதி" என்று இசக்கியப்பனின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

நம்பிராஜனை மாட்டுவண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். தலை ஆடாமலிருக்கக் குத்தாலிங்கம் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். நாளைக் காலையில்தான் தருவார்களாம். வண்டி திரும்பியதும் கூட்டம் கலைந்தது. படியில் கோடிச் சேலை சாரலில் நனைந்து கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மாடத்தி தொட்டியருகே குந்தியிருந்தாள். பேராச்சி பெஞ்சோரம் இருந்த சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"போவ மாட்டங்குதும்மா."

"இங்கன காட்டு."

பிள்ளையின் கையை விரித்துச் சீயக்காயை வைத்து, விரல் விரலாக, நகக்கண்ணெல்லாம் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றினாள். மாடத்தி கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னும் வருதா?"

"கொஞ்சம்."

நாளைக்கு நம்பிராஜன் தலைக்கு வேண்டியதைக் கிண்ணத்தில் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அள்ளினாள்.