பர்ஹம் சாகாத வருஷம்

துராப் சண்டீல்வி எழுதிய சினிமாப் பாட்டுகளில் முக்கால்வாசியில் சந்திரன் வரும். "அந்த நிலாவுக்கு நீங்க வாடகை கொடுக்கணும், மியான்" என்பார் பர்ஹம். லக்னோ பக்கத்து ஆசாமிகள் திட்டும்போதும் 'நீங்க'தான்.

இருவரும் சண்டீலாவில் ஒரே தெருக்காரர்கள். லட்டுக்குப் பேர்போன அந்த ஊரிலிருந்து ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர்கள். துராப் சினிமாவுக்குப் பாட்டெழுதப் போனார். பர்ஹம் சுத்தக் கவிஞராகவே இருந்துவிட்டார். சினிமா கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்று சொல்வார். கடைசிவரை சினிமா கூப்பிடவேயில்லை என்பதால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

நான் அப்போது துராப் வேலை செய்த கம்பெனியில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் நாகபாடா இரானி கடையில் கூடுவோம். பளிங்கு மேஜை, வெண்ணெய் தடவிய பன், ஆளுக்குப் பாதி டீ. உலகத்தின் மகாகவிகள் அத்தனை பேரும் தினமும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மேஜைக்கு வராதவர்கள் எல்லாம் கவிஞர்களே இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். அந்த டீயின் ருசி இன்றைக்கு எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைப்பதில்லை. அங்கே பொறாமையைக் கலக்கத் தெரியவில்லை.

துராபின் பாட்டு பிறக்கும் விதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஹார்மோனியத்தில் மெட்டு வரும். பிறகு துராப் ஒரு வரி சொல்வார். படமுதலாளி லகுமல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஷாயர் சாப், வரி பிரமாதம். ஆனா தரை டிக்கெட்காரன் அழுதுடுவான். பேசாம சந்திரனைப் போட்டுடுங்க" என்பார். துராப் போட்டுவிடுவார்.

அப்படித்தான் 'குடை மறந்த பெண்ணே' வந்தது. பான் கடை, சலூன், கல்யாண பேண்டு என்று அந்தப் பாட்டு புகாத இடமில்லை. துராபுக்கு பாந்திராவில் ஃபிளாட்டும் ஒரு ஃபியட் காரும் வாங்கிக் கொடுத்தது. கவியரங்கங்களில் அவர் மானத்தை வாங்கியதும் அதுதான். கஜல் படிக்க எழுந்து தொண்டையைக் கனைப்பார். பின்வரிசையிலிருந்து "குடை! குடை!" என்று கூச்சல் கிளம்பும். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குடையைப் பாடிவிட்டு இறங்குவார். ஒருநாள் காரை ஓட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்தக் கார், வீடு எல்லாத்தையும் எடுத்துக்கிடட்டும். நான் போனப்புறம் என் பேர்ல ஒரே ஒரு வரி மிஞ்சினா போதும். குடையும் சந்திரனும் இல்லாத ஒரு வரி."

அந்த வருஷம் பக்ரீதுக்கு பர்ஹம் மூன்று வீட்டில் கபாப் சாப்பிட்டார். நான்காவது வீட்டு வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்கள்.

எங்கள் உருதுக் கவிஞர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு. கவிஞன் செத்தால், அவனுக்காக எழுதும் வரியின் எழுத்துகளைக் கூட்டினால் அவன் செத்த வருஷம், முஸ்லிம் பஞ்சாங்கத்தின் ஹிஜ்ரி கணக்கில், வரவேண்டும். சவத்தைச் சுற்றும் கஃபன் துணி குடும்பத்தின் பொறுப்பு, வரி நண்பர்களின் பொறுப்பு. முந்திக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மூச்சு நிற்கும்வரை காத்திருப்பதில்லை.

துராப் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அங்கே ஹார்மோனியமும் இல்லை, லகுமலும் இல்லை. மறுநாள் கடையில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்:

'மெல்லப் பேசுங்கள், பர்ஹம் எழுந்துபோன இடம் இன்னும் சுடுகிறது.'

யாரும் டீயைத் தொடவில்லை. அடுத்தவன் வரியைக் கேட்டால் பல் குத்த ஆரம்பிக்கும் கூட்டம் அது. ஒருவர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துராப் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையனின் கண்கள்.

அதற்கு இரண்டாம் நாள் பர்ஹம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

துராபுக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஏழைகளுக்குச் சோறு போட்டார். ஆனால் சோறு போட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்தார். முஹர்ரம் பிறை தெரிந்துவிட்டால் புது வருஷம், எண்பத்தாறு. அப்புறம் அந்த வரி செல்லாக்காசு.

"ஒரு எழுத்தைக் கூட்டிச் சரிக்கட்டிடுங்களேன்" என்றேன்.

"சரிக்கட்டினா அது சினிமாப் பாட்டு ஆயிடும்" என்றார்.

விஷயம் பர்ஹம் காதுக்குப் போகாமல் இருக்குமா? கடையில் இருந்தவர்கள் எல்லாம் கவிஞர்கள். நான்கைந்து நாளில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இன்னும் இளைத்துப்போய் வந்து சேர்ந்தார்.

"என் மரணம் ரொம்ப நல்லா வந்திருக்காமே?"

துராப் எழுந்துவிட்டார். "யார் சொன்னது, பர்ஹம் பாய்? சும்மா ஏதோ..."

"ஊரே கேட்டாச்சு. செத்தவனுக்கு மட்டும் படிச்சுக் காட்டலை. படிங்க மியான்."

துராப் படித்தார். பர்ஹம் கண்ணை மூடிக்கொண்டார். வேட்டியைப்போல் தொளதொளத்த பைஜாமாவின் மேல் அவர் விரல்கள் கணக்குப் போட்டன. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"நாசமாப் போக. இது நான் எழுதியிருக்க வேண்டிய வரி. எனக்கே வெட்கமா இருக்கு மியான். இப்படி ஒரு வரி காத்துக்கிட்டு இருக்கும்போது பொழைச்சு வந்திருக்கேன் பாருங்க!"

"நீங்க ஒரு கழுதை" என்றார் துராப். "நூறு வருஷம் இருங்க. இந்த எழவை இப்பவே கிழிச்சுப் போடறேன்." நிஜமாகவே கிழிக்கப் போனார்.

பர்ஹம் கைத்தடியால் அவர் மணிக்கட்டை அமுக்கினார். "என் சாவைக் கிழிக்க நீங்க யாரு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலேஜ் கவியரங்கம். பிறைக்கு முன்னாடி அதுதான் கடைசி. அங்க படிங்க. நான் மேடையில இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை துராப் எழுந்து தொண்டையைக் கனைத்ததும் பின்வரிசை ஆரம்பித்துவிட்டது: "குடை! குடை!"

காகிதத்தோடு துராபின் கை பைக்குள் போனது. அதற்குள் பர்ஹம் கைத்தடியை மேடைப் பலகையில் ஓங்கி அடித்தார்.

"சும்மா இருங்கய்யா! நான் செத்துட்டேன், எனக்கு இரங்கல் படிக்கிறார். எழவு வீட்டுல இப்படியா கத்துவீங்க?"

கூச்சல் நின்றது. துராப் படித்தார். தான் எழுந்துபோன இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பர்ஹம், "மறுபடி!" என்று கத்தினார். அப்புறம் அரங்கமே கத்தியது, மறுபடி, மறுபடி என்று. துராப் படித்துக்கொண்டே அழுதார். குடையை யாரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது ஒரு பேராசிரியர் பர்ஹமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பெரிய இழப்பு" என்று துக்கம் விசாரித்தார். பர்ஹமும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

அதற்கப்புறம் பர்ஹம் பல வருஷம் இருந்தார். அவருடைய நல்ல கஜல்கள் எல்லாம் அப்போது எழுதியவைதான். கடைசியில் நிஜமாகவே போனபோது, புது வரி கேட்டு எல்லோரும் துராபிடம் வந்தார்கள். "அவரே கேட்டு ஒத்துக்கிட்ட வரி ஒண்ணு இருக்கு. வேற எழுத மாட்டேன்" என்றுவிட்டார். அதையே சமாதிக் கல்லில் வெட்டினார்கள்.

இப்போது பல்கலைக்கழகங்களில் பர்ஹம் அந்த எண்பத்தைந்திலேயே இறந்தார் என்று நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். அதற்குப் பிந்திய கஜல்கள் எல்லாம் போலி என்று ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, அதற்குப் பிறகும் அவரோடு டீ குடித்திருக்கிறேன்" என்று அவருக்கு எழுதினேன். மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது: தனிமனிதர் ஞாபகத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது, கல்வெட்டோ துல்லியமாக இருக்கிறது.

கொதித்துப்போய் அதை துராபிடம் கொண்டுபோனேன். பாந்திரா வீட்டில் கண் மங்கிப் படுத்திருந்தார். படிக்கச் சொல்லிக் கேட்டவர், இருமல் வருமளவுக்குச் சிரித்தார்.

"விட்டுடுங்க மியான். பர்ஹம் இருந்தாலும் அந்த வரி பக்கம்தான் சாட்சி சொல்லியிருப்பார்."