பினாயில் வாசமில்லாத அறை

அம்மா கட்டிலில் படுக்கமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பையை மடியிலிருந்து இறக்கக்கூட இல்லை. பத்து மணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். இன்றைக்குத் தவறினால் உள்ளேயே வெடித்துவிடும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

"இந்த ரூமைத் துடைக்கவே இல்லடி. பினாயில் வாசமே இல்ல பாரு," என்றாள் மகளிடம்.

"காலையிலதான் துடைச்சோம்மா. இப்ப வர்ற மருந்துல வாசம் இருக்காது," என்றாள் நர்ஸ்.

"மூக்குல ஏறாததா கிருமியைக் கொல்லும்? யாரு காதுல பூ சுத்துற?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. பிரசவ வார்டைத் துடைத்தே முப்பது வருஷம் ஓட்டியவளிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா?

அந்தக் காலத்துப் பினாயில் தார் மாதிரி கறுப்பு. அம்மா ஒரு மூடி அளந்து வாளியில் ஊற்றுவாள். தண்ணீர் பாலாக வெளுக்கும். அதை வேடிக்கை பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டதும் மகள் வார்டு வாசலுக்கு ஓடுவாள். ஒருநாள், கிருமி கொல்ல அங்கே வைத்திருந்த, தண்ணீர் கலக்காத கார்பாலிக் ஆசிட் ஜாடியில் விரலை விட்டுவிட்டாள். எரியவே இல்லை. நுனி வெளுத்து மரத்துப்போனது.

"வலிக்கலியேம்மா!" என்று பெருமையாகக் காட்டினாள்.

"வலிக்காம அரிக்கிறதுதான்டி இதோட குணம்!" என்று அலறி, குழாயடிக்கு இழுத்துப்போய், கால் மணி நேரம் தண்ணீரில் விரலைப் பிடித்தபடி அம்மா அழுதாள்.

அம்மாவின் சேலை, தலைமுடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் பினாயில்தான். ஊருக்கு அது ஆஸ்பத்திரி நாற்றம். மகளுக்கோ அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்ட வாசம். இன்றும் எங்காவது அது வீசினால் நின்று இழுத்துக்கொள்வாள். அந்த நாட்கள் திரும்ப வராதா என்றிருக்கும்.

மணி ஒன்பதரை. வேறு வழியில்லை. வராந்தாவிலிருந்து மாப்பையும் வாளியையும் தூக்கி வந்தாள்.

"உன் கண்ணு முன்னாலயே துடைக்கிறேன். அப்புறமாவது படு."

மூலையில் தொடங்கி, பின்னால் நகர்ந்து நகர்ந்து துடைத்தாள், அம்மா துடைப்பது போலவே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

நாலு இழுப்புத்தான் ஆகியிருக்கும். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வைடி கீழ!"

"கட்டிலுக்கு அடியில மட்டும்..."

"வைன்னு சொல்றேன்ல! இதை நீ தொடக்கூடாதுன்னுதான்டி நான் முப்பது வருஷம் தொட்டேன்."

பை தரையில் விழுந்தது. விறுவிறுவென்று கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"படுத்துட்டேன், போதுமா? போய்க் கையக் கழுவு. சோப்புப் போட்டு."