கீழ்க்குழாய்

“டீச்சர், கடைசியா ஒரு தரம் கேக்குறேன். இந்தக் கீழ்க்குழாய எடுத்தே ஆவணுமா?”

கொத்தனார் மணவாளன் கையில் உளியோடு நின்றார். சமையலறையின் பின்மூலையில் தரையோடு தரையாக ஒரு கருங்கல், அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். மணை போட்டு உட்கார்ந்து மீன் ஆயவும் கருவாடு அலசவும் அந்த வீட்டில் அதுதான் இடம்.

“எடுங்க. வீடியோல வர்ற எந்தக் கிச்சன்லயாவது தரையில குழாய் இருக்குதா?” என்றாள் ஆரோக்கிய அனிதா.

“வீடியோல சமைக்கறவங்க மீனு வாங்க மாட்டாங்களா?”

“வாங்குனா நின்னுகிட்டு சிங்க்ல கழுவிப்பாங்க. நமக்குக் குடி வரப்போறது ஆபீசர் குடும்பம். சைவமா பாருங்கன்னு புரோக்கர் சொல்லிட்டாரு. சைவம்னா வீடு சுத்தமா இருக்கும், வாடகையும் ஜாஸ்தி குடுப்பாங்களாம்.”

அனிதாவின் கணவன் மரிய அருள் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப நாம இத்தினி வருசமா அசுத்தமாவா இருந்தோம்?”

“நீங்க சும்மா இருங்க. காலையில அஞ்சே முக்கால் பஸ்ஸப் புடிக்கறது நீங்களா, நானா?”

கடலூரிலேயே வேலை பார்த்தவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துச் சிதம்பரத்துப் பள்ளியில் போட்டிருந்தார்கள். ஒரு வருடமாக விடியலில் ஒரு பஸ், மாலையில் நின்றபடியே திரும்ப ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்புக்குத் தைலம். சிதம்பரத்துக்கே குடி போய்விடலாம். அருள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், அவனுக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். ஆனால் கடலூர் புதுப்பாளையத்துச் சொந்த வீடு பதினைந்தாயிரத்துக்குப் போனால்தான் அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகும். பழைய சமையலறையைப் பார்த்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு போக வேண்டும். போகாவிட்டால் இன்னொரு வருடம் அதே பஸ்.

மணவாளன் கருங்கல்லின் விளிம்பில் உளியை வைத்துத் தட்டினார்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வெள்ளை டைல்ஸ், கறுப்பு கிரானைட், சத்தமில்லாமல் இழுபடும் டிராயர்கள், அடுப்புக்கு மேல் சிம்னி. கீழ்க்குழாய் இருந்த மூலையில் வாஷிங் மெஷின்.

“அழகாத்தான் இருக்குது,” என்றான் அருள். “நெத்திலி வாங்கிட்டு வரட்டா?”

“வீடு போற வரைக்கும் மீனு கிடையாது. கவுச்சி வாட வந்தா ஆபீசர் வீட்டம்மா வாசலோட திரும்பிடுவாங்க.”

“தவக்காலத்துலகூட கறி மட்டுந்தான கிடையாது? இது என்னா காலம்?”

“வாடகைக் காலம்.”

ஆபீசர் வீட்டம்மா ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். சிம்னியைப் போட்டுப் பார்த்தார், டிராயரைத் தள்ளிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லாருக்குங்க. எங்களுக்கு மீன், முட்டை எதுவும் ஆகாது. உங்களுக்கும் அப்படித்தான்னு புரோக்கர் சொன்னார்.”

அனிதா என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் வாசலில் இருந்து குரல் வந்தது.

“டீச்சரம்மா! ஏ டீச்சரம்மா! ஒரு மாசமா கதவ சாத்திகினு என்னாம்மா கோவம் எம்மேல? சங்கரா துள்ளுது, காரப்பொடி மீனு இருக்குது, வந்து பாரு!”

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், மீன்கார இருசம்மாள் கேட்டைத் தானே திறந்து அன்னக்கூடையை வாசற்படியில் இறக்கியிருந்தாள்.

“இன்னிக்கு வேணாம், இருசம்மா.”

“வேணாமா? சனிக்கிழமன்னா தெருமுனைக்கே வந்து கூடைய மடக்குவியே! சாரு எங்க? சங்கரா தலைன்னா சாருக்கு உசுராச்சே!”

ஆபீசர் வீட்டம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, “போன் பண்றேங்க,” என்று நடந்தார்.

“யாரு அவுங்க? சளி புடிச்சிருக்குதா?” என்றாள் இருசம்மாள்.

போன் வரவில்லை.

அடுத்து வந்தவள் மாலதி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவளுக்கும் எல்லாம் பிடித்தது. பதினைந்தாயிரம் என்றதற்கு, “குடுக்கலாங்க்கா, தப்பில்ல,” என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“அக்கா, மீன் எங்க ஆயறது?”

“சிங்க்லதான்.”

“நின்னுகிட்டா? செதிலு செவுரெல்லாம் ஒட்டிக்குமே, வெள்ள டைல்ஸு வேற. எங்க வீட்ல வாரத்துல அஞ்சி நாளு மீனு. நீங்க எப்படிக்கா ஆயறீங்க?”

“நாங்க... ஒரு மாசமா வாங்கறதில்ல.”

“கடலூர்ல இருந்துகிட்டா?” மாலதி சிரித்துவிட்டாள். “தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. கிச்சன் அப்படியே படத்துல பாக்கற மாதிரிதான் இருக்குது. ஆனா இதுக்குள்ள நான் விருந்தாளியாத்தான் நிக்க முடியும்.”

அவளுக்குப் பின் வந்த இரண்டு குடும்பத்துப் பெண்களும் அதே மாதிரி தரையைப் பார்த்தார்கள், அதையே கேட்டார்கள். மே மாதம் முக்கால்வாசி போய்விட்டது.

“சிதம்பரத்துல ஒரு வீட்டையாவது பாத்து வைப்போம்,” என்று ஞாயிறு பூசை முடிந்ததும் அனிதாதான் கிளப்பினாள். போன இடத்தில் முதல் வீட்டு அம்மா, கிரில் கதவைத் திறக்காமலே விசாரித்தார்.

“என்ன வேலைல இருக்கீங்க?”

“டீச்சர்ங்க.”

“ரொம்ப நல்லது. சைவந்தான?”

“மீன் சாப்புடுவோம்.”

“அப்ப சரிப்படாதும்மா. சைவம்னா வீடு சுத்தமா இருக்கும், அதான் கேட்டேன்.”

தெருவில் இறங்கி நடந்தார்கள். தெருமுனையில் அருள், “இத எங்கியோ கேட்ட மாதிரி இருக்குதே,” என்றான்.

“பேசாம வாங்க.”

“இல்ல, அதே வார்த்த...”

“நான் சொன்னதுதான். போதுமா?” ஒரு டீக்கடைப் பந்தலுக்குக் கீழே அனிதா நின்றுவிட்டாள். “தெனம் மீன் ஆஞ்சிட்டு, தெனம் அந்தக் கல்லத் தேய்ச்சிக் கழுவி வுட்டவ நானு. எங்கிட்ட வந்து சுத்தம் பேசறாங்க. அத நானே என் வாயால...”

கைப்பையில் இருந்து போனை எடுத்தாள்.

“மணவாளன், டீச்சர் பேசறேன். அந்தக் கீழ்க்குழாய்...”

“கல்லு வேலியோரமா கெடக்குது டீச்சர். தண்ணி லைன அறுக்கல, மூடி போட்டு செவுத்துக்குள்ளதான் வச்சிருக்கேன். ஒரு நாள் வேலை.”

“அறுத்து எடுங்கன்னுதான நான் சொன்னேன்?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“எங்க வீட்லயும் மீனு வாங்கறாங்க டீச்சர்.”

மெஷின் பின்கட்டுக்குப் போனது. கருங்கல் பழைய இடத்துக்கு வந்தது. சுற்றிலும் வெள்ளை டைல்ஸுக்கு நடுவில் அது கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரிந்தது. மணவாளன் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் கல்லில் விழுந்து ஓடும் சத்தம் கேட்டதும் அருள் சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

அனிதா கூப்பிட்டதும் மாலதி வந்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழாய்முன் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்தாள்.

“ஆங், இப்ப இது வீடு. பதினஞ்சே தரேன்க்கா. ஒரு கண்டிசன்.”

“என்ன?”

“தெருமுனையில கூடையோட பாத்தேனே, உங்களுக்கு மீன் கொண்டாற அந்த அம்மாவ எனக்கு விட்டுட்டுப் போவணும்.”

சிதம்பரத்தில் வீடு அண்ணாமலை நகர்ப் பக்கம் கிடைத்தது. வீட்டுக்காரர் தைலம்மாள், கல்லூரி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“மீனு சாப்புடுவோம்மா,” என்று அனிதா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“நான் பரங்கிப்பேட்டைக்காரி. எங்கிட்டப் போயி அத ஒரு சேதி மாதிரி சொல்றியே,” என்றார் தைலம்மாள். “சமையக்கட்டு ஒண்ணுதான் பழசு. நாளைக்கு ஆள் வருது. எல்லாத்தையும் இடிச்சிட்டு வெள்ளையா, மாடுலரா போட்டுடலாம்னு இருக்கேன். வாடகை ஏறும்ல?”

அனிதா எட்டிப் பார்த்தாள். மேடு பள்ளமாக ஒரு மேடை, எண்ணெய் படிந்த சுவர். பின்மூலையில், தரையில் ஒரு கல்லும் அதற்கு மேல் ஒரு குழாயும்.

“இடிக்காதீங்க!” என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில்.

“அய்ய, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?”

“டிராயர் போடுங்க, சிம்னி போடுங்க. அந்த மூலைய மட்டும் தொடாதீங்கம்மா. எங்க வீடு அதனாலதான் வாடகைக்குப் போச்சி.”

“அப்படியா? அந்த மூலையால வாடகை ஏறுச்சா?”

“ஏறுச்சிம்மா.”

“அப்ப உங்களுக்கும் ஒரு ஐநூறு ஏத்திடவா?”

அருள் மனைவியின் பக்கம் குனிந்து, “நல்லா வாயக் குடுத்த,” என்றான்.

ஜூனில் பள்ளி திறந்தது. அனிதா ஏழு மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, நடந்தே போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை மணை போட்டுக் குழாய்முன் உட்கார்ந்து, அருள் வாங்கி வந்த சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரம். அருள்தான் போனை அவள் காதில் வைத்தான்.

“அக்கா, இருசம்மா உங்ககிட்டப் பேசணுமாம்,” என்றாள் மாலதி. உடனே இன்னொரு குரல் காதைத் துளைத்தது.

“டீச்சரம்மா! அங்க மீனெல்லாம் எப்படி?”

“பரவால்ல இருசம்மா. உன்னுது மாதிரி இல்ல.”

“எப்படி இருக்கும்? தோ, வஞ்சிரம் வந்திருக்குது. ஒரு பஸ்ஸ புடிச்சி வந்து வாங்கிகினு போயேன்!”

“என்னா வேணும்னாலும் சொல்லு இருசம்மா,” என்றாள் அனிதா, செதிலைச் சுரண்டியபடி. “பஸ்ஸ மட்டும் சொல்லாத.”