கீழ்வீட்டுக் கட்டில்

கட்டிலுக்கு அடியில் பீர்ப் பெட்டிகளை வைத்து உயர்த்தியதோடு பிரசவத்தில் தன் பங்கு முடிந்துவிட்டதாக என் கணவன் யூர்யன் நினைத்துக்கொண்டான். எங்கள் க்ரோனிங்கன் ஊரில் வீட்டிலேயே பிள்ளை பெறுவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கட்டில், மெத்தையோடு சேர்த்து, எண்பது சென்டிமீட்டர் உயரம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தாயையும் பிள்ளையையும் கவனிக்க வரும் பெண் குனிந்து குனிந்தே இடுப்பு ஒடிந்து போவாள். வேலை செய்ய மாட்டேன் என்று திரும்பிப் போகவும் அவளுக்கு உரிமை உண்டு. அதனால் யூர்யன் ஆறு பெட்டி பீரைக் காலி செய்தான்.

“எல்லாம் குடும்பத்துக்காகத்தான் குடிச்சேன்” என்றான்.

முப்பத்தைந்தாவது வாரத்தில் மருத்துவச்சி ஹென்ரிகா வீட்டைப் பார்க்க வந்தாள். கட்டிலை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாடிப்படியின் உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள்.

“இதுல ஸ்ட்ரெச்சர் எப்படி எறங்கும்?”

படிக்கட்டு என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர அது ஏணிதான். போதாததற்கு நடுவில் ஒரு திருப்பம். எங்கள் சாமான்கள் எல்லாமே கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக ஏற்றியவை.

“ஜன்னல் வழியா எறக்கிடலாமே. பியானோவே ஏறிச்சு” என்றான் யூர்யன்.

“பியானோவுக்கு ரத்தம் போகாது தம்பி” என்றாள் ஹென்ரிகா.

அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு ரூலின். ஆனா திடீர்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னா, தீயணைப்பு வண்டி வந்து உன்ன எறக்கவே அரை மணி ஆகும். அந்த அரை மணிக்கு என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாதும்மா. இதே தரைத்தளமா இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன்.”

நான் அழுதுவிட்டேன். மூத்தவள் நின்கே பிறந்தபோது, வலி நன்றாக எடுத்த நேரத்தில் என்னைக் காரில் ஏற்றினார்கள். கல் பாவிய தெருவில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி பயந்துபோய் நின்றுவிட்டது. அப்புறம் பத்தொன்பது மணி நேரம். ஆள் மாற மாற வந்தவர்கள் எல்லாரும் என் பெயரை முதலிலிருந்து கேட்டார்கள். இந்தத் தடவை யாரும் என்னை நகர்த்தக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

“கீழ யாரு இருக்காங்க?” என்றாள் ஹென்ரிகா.

நானும் யூர்யனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கீழே இருந்தவர் வொப்பஸ். கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து, ஊரையே காக்க வைத்து ஓய்வுபெற்றவர். நின்கே ஓடினால் அவர் தலைமேல் ஓடுவதாகக் கணக்கு. கதவில் சீட்டு ஒட்டுவார்: ‘செவ்வாய், காலை 7.10 முதல் 7.25 வரை ஓட்டம்.’ நானும் சும்மா இருக்கவில்லை. ‘ஓடியது குழந்தை, குதிரை அல்ல’ என்று பதில் சீட்டு ஒட்டினேன். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக முகம் பார்த்து ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

“நீயே போய்க் கேளு. வயித்தப் பாத்தா யாருக்கும் திட்ட வாய் வராது” என்றான் யூர்யன்.

“உனக்கும் சேத்து எனக்கே தைரியம் வரணுமா?”

பத்து நாள் இழுத்தடித்தோம். அதற்கு மேல் தள்ள முடியாது; முப்பத்தேழாவது வாரத்துக்குள் கட்டில் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, அவர் காப்பி குடிக்கும் நேரமாகப் பார்த்து, நானே போய்க் கதவைத் தட்டினேன். இந்த ஆள் மாட்டேன் என்றால் மறுபடியும் கார், கல் தெரு, ஆஸ்பத்திரி. அவர் கதவைத் திறந்து உள்ளே விட்டு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமலே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“எனக்கு உங்களப் பிடிக்காது” என்றார்.

“தெரியும்.”

“உங்க பொண்ணு ஓடுறதும் பிடிக்காது.” கரண்டியைக் கீழே வைத்தார். “அது வேற விஷயம். கட்டில் எவ்வளவு ஒசரம் வேணும்?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அதற்குள் மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

“எண்பது சென்டிமீட்டர்” என்றேன், பின்னாலேயே போய்.

“மெத்தையோடவா, மெத்த இல்லாமயா?”

“மெத்தையோட.”

“அப்ப என் கட்டில இங்க போட்டுடலாம். பெட்டிய நீங்க கொண்டாங்க. காலிப் பெட்டியா இருக்கட்டும், எனக்கு பீர் ஒத்துக்காது.”

“நீங்க எங்க தூங்குவீங்க?”

“சோபாலதான். டிவி பாத்துக்கிட்டே தூங்கிடுவேன், பாதி நாள் கட்டில் வரைக்கும் போறதே இல்ல.”

அது நிஜமா பொய்யா தெரியாது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

“கார்ப்பெட்ட நனைச்சா புதுசு வாங்கித் தரணும். இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

ஹென்ரிகா வந்து கட்டிலிலிருந்து தெருவரை நடந்து பார்த்தாள். பதினோரு எட்டு. “இனிமே நானும் நிம்மதியாத் தூங்குவேன்” என்றாள்.

முப்பத்தொன்பதாவது வாரம், ஒரு புதன்கிழமை காலையில் வலி எடுத்தது. இரண்டு வலிக்கு நடுவில் ஏணிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். வொப்பஸ் தயாராக நின்றார். எங்கள் தெருவில் யாரும் ஜன்னலை மறைப்பதில்லை. அவர் முன்னறை ஜன்னலில் படுக்கை விரிப்பை ஆணி அடித்து மாட்டியிருந்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நின்கேவைப் பார்த்துக்கொள்ள மாடி ஏறிப் போனார்.

வெளியே சைக்கிள் மணிகள் கேட்டுக்கொண்டிருந்தன. கத்தத் தோன்றியபோது கத்தினேன். எழுந்து நிற்கத் தோன்றியபோது யூர்யனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் பெயரை யாரும் கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஹென்ரிகா என் மகனைத் தூக்கி என் மார்பில் வைத்தாள். அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அறிந்ததில்லை.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு கதவு தட்டப்பட்டது. யூர்யன் திறந்தான். ஒரு கையில் நின்கேவையும் மறு கையில் தட்டையும் பிடித்துக்கொண்டு வொப்பஸ் நின்றார்.

“உள்ள வரலாமா?”

“என்ன மிஸ்டர் வொப்பஸ், உங்க வீட்டுக்கு வர நீங்களே கேக்குறீங்க!” என்றான் யூர்யன்.

அவர் அசையவில்லை. அவர் கேட்டது என்னை.

“வாங்க” என்றேன்.

தட்டில் வெண்ணெய் தடவிய ரஸ்க், மேலே சோம்பு மிட்டாய். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா நிறம் தூவுவது எங்கள் வழக்கம். என்ன குழந்தை என்று தெரியாமல் இரண்டையும் தூவியிருந்தார். பிள்ளையை எட்ட நின்றே கொஞ்ச நேரம் பார்த்தார்.

நானாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று, “சாயங்காலம் மாடிக்கு ஏறிடுறோம்” என்றேன்.

“யாரு ஏறச் சொன்னா?” என்று சீறினார். “பேசாமப் படுங்க.”

எட்டு நாள் அங்கேயே படுத்திருந்தேன்.