விசிலை மாட்டிக்கொண்டவர்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பாதியில் எழுந்து போகக்கூடாது. யார் இல்லையோ, அவர் தலையில்தான் பொறுப்பைக் கட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லையே! இது தெரிந்தும் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததும் கழுத்தில் விசிலை மாட்டினார்கள்.

"என்ன இது?"

"உயிர்காப்பாளர் பதவி. இந்த வருஷம் நீதான் சிலாஸ்," என்றார் தலைவர் ஹெரோனிமோ.

"எனக்கு நீச்சலே தெரியாதே!"

"அத கூட்டத்துல சொல்லியிருக்கணும்."

ஊரில் யாருக்குத்தான் தெரியும்? யஷா குளங்கள் ஏழையும் நடத்துவது நாங்கள்தான். சாலையில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்துகிறோம், சீட்டுக் கிழிக்கிறோம், மீன் வறுத்து விற்கிறோம். ஆனால் முழங்காலுக்கு மேல் நனைந்தவன் ஒருவனும் இல்லை. குளத்தின் அடியில் ஊற்றை ஆளும் உடையவர் என்ற தெய்வம் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை மெழுகுவர்த்தி ஏற்றி, வெளியூர்க்காரர்கள் இறங்க அவரிடம் அனுமதி கேட்போம். எங்களுக்காகக் கேட்க யாருக்கும் தோன்றியதே இல்லை.

அதனால் என் சட்டத்தை நானே போட்டேன். இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தால் விசில். வந்தவர்கள் ஊறப்போட்ட பயறு மாதிரி கரையோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் மாதம் நகரத்திலிருந்து எவரார்தோ என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். உயிர்காப்பாளர் தன் கண்முன்னே யாரையாவது காப்பாற்றிக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் நாளை முதல் குளங்களை மூட வேண்டுமாம்.

"நான் முழுகுற மாதிரி நடிக்கிறேன். நீ வந்து தூக்கணும்," என்று சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் குதித்தார். "ஐயோ! காப்பாத்துங்க!" என்று அலறினார். நன்றாகவே நடித்தார்.

நான் விசில் ஊதினேன். மனிதர் கேட்கவில்லை. கரையில் ஊரே நின்றது.

"மானத்த வாங்காத, குதிய்யா!" என்றாள் என் மனைவி ஹெர்மெலிந்தா.

"செத்துருவேன்டி!"

"செத்தா நான் பாத்துக்கறேன். மொதல்ல குதி!"

வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்று பின்னால் வழி பார்த்தேன். ஆனால் நாற்பது வீட்டுச் சோறு அந்தக் குளங்களில் இருந்தது. உடையவரிடம் அவசரமாக எனக்கும் ஓர் அனுமதி கேட்டுவிட்டுக் குதித்தேன்.

நேராக அடிக்குப் போனேன். அங்கே உடையவரைக் காணோம். ஒற்றைச் செருப்பு ஒன்றுதான் கிடந்தது. பிறகு யாரோ என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள்.

கண் திறந்தபோது பாறையில் கிடந்தேன். எவரார்தோ என் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குய்யா உங்க உயிர்காப்பு! ஈரத்த மாத்திட்டு வர்றேன், இன்னிக்கே எல்லாத்துக்கும் பூட்டு!" என்று திட்டிக்கொண்டே புதர் மறைவுக்குப் போனார்.

ஹெரோனிமோ புதரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கூட்டம் ஆரம்பிக்குது," என்றார் மெதுவாக. படுத்தபடியே முதல் கையைத் தூக்கியவன் நான்தான்.

அதிகாரி திரும்பியதும் கழுத்தில் விசில் விழுந்தது.

"நான் அரசாங்க ஆள்யா!"

"அத கூட்டத்துல சொல்லியிருக்கணுங்க," என்றார் ஹெரோனிமோ. சாலையில் கயிறு ஏற்கெனவே ஏறியிருந்தது. பொறுப்பு முடியாமல் யாருக்கும் அது இறங்காது.

இரண்டு நாள் கத்திவிட்டு அவரே அறிக்கை எழுதினார். உயிர்காப்பாளர் உண்டா? உண்டு. நீச்சல் தெரியுமா? மிக நன்றாக. ஹெர்மெலிந்தா தினமும் கொடுக்கும் புளித்த சோளக் கரைசலை முதலில் முகம் சுளித்துக் குடித்தார். இப்போது இரண்டாவது குவளை கேட்கிறார். ஆனால் சாயங்காலமானால் மகள் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்காது.

போன ஞாயிறு அடுத்த வருஷத்துக்கான கூட்டம். ஐந்து மணி நேரம் ஆகியும் ஒருவரும் அசையவில்லை. என் பக்கத்தில் எவரார்தோ தொடையை இறுக்கிக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

"சிலாஸ், முடியலடா. ஒரே நிமிஷம் போயிட்டு வந்துரட்டுமா?" என்றார் கெஞ்சலாக.

என் தலைமுடியைப் பிடித்து இழுத்த கை, இப்போது தன் முழங்காலைப் பற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே போனேன்.

புதர் மறைவில் வெகுநேரம் நின்றேன். எனக்கு வரவே இல்லை.